நாயோடு வருகிறோம், ரூம் உண்டா?

குமரிக் கடற்கரையோரம் லாட்ஜும் ஹோம்ஸ்டேயும் நடத்தும் அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

நான் நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகிப் போனது மதுரைக்கு. அம்மா இருந்தவரை ஊருக்கு வந்தால் தங்க வீடு இருந்தது, பின்வாசலில் நாய் படுக்க ஒரு சாக்கும் கிடந்தது. வீட்டை விற்று ஐந்து வருஷமாகிறது. இப்போது பிறந்த ஊரிலேயே காசு கொடுத்து ரூம் எடுத்துத் தங்குகிறேன். அதில்கூட எனக்கு வருத்தமில்லை. அந்த ரூம் கிடைப்பதற்குள் படுகிற பாட்டைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு இரண்டு நாய்கள். செவலை, தெருவில் கிடந்த குட்டி, இப்போது ஏழு வயசு. இன்னொருவன் மணி; சிப்பிப்பாறை வேட்டைநாய் அப்பனுக்கும் யாரென்று தெரியாத அம்மாவுக்கும் பிறந்தவன். (வேறு பெயர் வைக்கலாம் என்று எவ்வளவோ சொன்னேன், வீட்டுக்காரர் கேட்கவில்லை. தெருவில் "மணி" என்று கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்க்கிறார்கள்.) மாதம் ஒரு தடவை, சனிக்கிழமை இருட்டோடு காரில் கிளம்பி, ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடுவோம். விவேகானந்தர் பாறைக்குப் படகு, வள்ளுவர் சிலை, சூரிய அஸ்தமனம் பார்க்க முட்டி மோதுவது, இதெல்லாம் எங்கள் கணக்கில் இல்லை. கடலோரமாக நாய்களோடு நடப்போம், மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிடுவோம், தூங்குவோம். அவ்வளவுதான் எங்கள் டூர்.

ரயிலில் வரலாமே என்பார்கள். முதல் வகுப்பு ஏசியில் ஒரு கூபேயையோ கேபினையோ முழுசாகப் பிடித்தால்தான் பெரிய நாயைக் கூட வைத்துக்கொள்ள முடியும். இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கும் கூண்டு. செவலையைக் கூண்டில் போட்டால் அந்த ரயிலில் ஒருவரும் தூங்க முடியாது. ஆகவே கார்.

போன பிப்ரவரியில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த லாட்ஜ் என்று சொல்லப் போவதில்லை, யாரையும் மாட்டிவிடவும் இதை எழுதவில்லை. போனில் கேட்டபோது, "நாயா? சின்னதுதானே மேடம், தாராளமா கொண்டு வாங்க" என்றார்கள். அட்வான்ஸும் போட்டாச்சு. காலையில் நேரே கடற்கரைக்குப் போய் நடந்துவிட்டு, சாயங்காலம் ஏழு மணிக்கு லாட்ஜுக்குப் போய்ச் சேர்ந்தோம். மணி காரிலிருந்து ஒவ்வொரு காலாக இறங்கினான். மேனேஜர் நாலாவது கால் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது கன்னுக்குட்டில்லா" என்றார். அப்புறம், ஜெனரேட்டர் ரூம் பக்கத்தில் இரண்டையும் கட்டிவிட்டு நீங்கள் மட்டும் மேலே போங்கள் என்றார். கரண்ட் போனால் அந்த ஜெனரேட்டர் போடும் சத்தத்தில் மனுஷனுக்கே நெஞ்சு அதிரும். நாங்கள் காரிலேயே படுத்தோம். அட்வான்ஸ் திரும்பி வரவில்லை.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். முட்டம் பக்கம் ஹோம்ஸ்டே நடத்தும் ஓர் அக்கா ஒருநாள் மனசு விட்டுச் சொன்னார்: ஒரு குடும்பம் வந்து நாயை அவர் வெள்ளைத் துண்டிலேயே துடைத்திருக்கிறது. மெத்தையின் மூலையை நாய் கடித்துப் பஞ்சு எடுத்திருக்கிறது, அதைத் தலையணை போட்டு மறைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஏசி ஃபில்டரில் கைப்பிடி முடி. அடுத்து வந்த ஆள் கதவைத் திறந்ததும் ஈரநாய் வாடை என்று ரூம் மாற்றச் சொன்னாராம். இதைக் கேட்ட பிறகு எனக்கே "நாய்க்கு அனுமதி இல்லை" போர்டு எழுதித் தரலாம் போலிருந்தது. எங்கள் கூட்டத்தில் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை.

ஆனாலும் கேட்கிறேன். எதற்காக இத்தனை பிடிவாதம் என்று தெரிய வேண்டுமானால் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் காலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஐந்தேமுக்காலுக்குச் சொத்தவிளைக் கடற்கரையில் இறங்கினால் மணல் இன்னும் ராத்திரி ஈரத்தோடு குளிர்ந்து கிடக்கும். கிழக்கே மணக்குடியைப் பார்த்து நடப்போம். செவலை நடக்க மாட்டாள், விசாரிப்பாள். ஒவ்வொரு நண்டு வளையிலும் மூக்கை நுழைத்து, ஒரு தும்மல் போட்டு, அடுத்த வளைக்குப் போவாள். அவள் மூக்கு நுனியில் ஒட்டிய மணல் காய்ந்து உதிர்வதற்குள் அடுத்த கோட்டிங் ஏறிவிடும். மணிக்கு ஓட வேண்டும். பத்து மீட்டர் கயிறுதான் அவனுக்கு மைதானம். அலை பின்வாங்கினால் துரத்துவான், திரும்பி வந்தால் என் பின்னால் வந்து நிற்பான். இரண்டு வருஷமாக இதையே செய்கிறான், இன்னும் அலுக்கவில்லை.

பழையாறு கடலில் சேரும் பொழிமுகம் எங்கள் எல்லை. சில மாதம் மணல் மூடிப் பொழி அடைத்திருக்கும், சில மாதம் திறந்து ஆறு இழுத்துக்கொண்டு போகும். பார்வைக்கு முழங்கால் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். உள்ளே மணல் நழுவும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி மணக்குடிப் பாலத்தைப் பெயர்த்தெறிந்த இடம் இது. கரையின் இரண்டு பக்கமும் எத்தனையோ வீடுகளில் ஆள் போயிற்று. அந்த இடத்துக்கு வந்தால் கயிற்றைச் சுருக்கிப் பிடித்துக்கொள்வேன், யாரும் சொல்ல வேண்டியதில்லை. உப்பங்கழியில் நாரையும் கொக்கும் ஆலாவும் மேயும். மணிக்குப் பறவையைக் கண்டால் அப்பன் வழி ரத்தம் கொதிக்கும், அதற்காகவும்தான்.

அங்கே ஒருநாள் கரைமடி வலையைக் கரையிலிருந்து இழுத்து முடித்து, பெரியவர் ஒருவர் வலையிலிருந்து கழிவை உதறிக்கொண்டிருந்தார். செவலை எதையோ கவ்வப் போனாள். "மக்களே, நாயெ பிடி! பேத்தெ கெடக்கு!" என்று அவர் போட்ட சத்தத்தில் என் கை தானாகவே கயிற்றை இழுத்தது. பார்த்தால் பந்து மாதிரி உப்பிக் காய்ந்த பேத்தை மீன். ஈரலிலும் சினையிலும் தோலிலும் விஷம் உள்ளது, தின்றால் கை கால் செயலிழந்து மூச்சு நிற்கும், மாற்று மருந்து கிடையாது. நாய் வளர்ப்பது பற்றி நான் எவ்வளவோ படித்திருக்கிறேன், கரையில் எதைத் தின்னவிடக் கூடாது என்று அந்தப் பெரியவர்தான் சொல்லித் தந்தார். தூண்டில் முள்ளையும் அவரே காட்டினார். அறுந்த நரம்போடு மணலில் புதைந்து கிடக்கும், நாய் பாதத்தில் ஏறினால் இழுத்து எடுக்கக் கூடாது, டாக்டரிடம்தான் போக வேண்டும் என்றார்.

அதே பெரியவர் எங்களைத் திட்டியும் இருக்கிறார். மேட்டில் நெத்திலி காயப்போட்டிருந்தது. மணி போய் ஓரத்தில் காலைத் தூக்கிவிட்டான். அவர் வீட்டம்மா ஒன்றும் பேசவில்லை. அந்த ஓரத்தை மட்டும் இரண்டு கையாலும் அள்ளிக் கடலில் போட்டுவிட்டு வந்தார். ஒரு குடும்பத்தின் ஒருநாள் சம்பாத்தியத்தில் ஒரு பங்கு அது. காசு கொடுத்தேன், வாங்கவில்லை. அன்றிலிருந்து வலை காயும் இடம், கருவாடு காயும் இடம், வள்ளம் ஏற்றி வைத்திருக்கும் இடம் வந்தால் நாங்கள் அலையோரமாக இறங்கிவிடுவோம்.

மேற்கே போனால் கதை வேறு. மணவாளக்குறிச்சிப் பக்கம் கருமணல். இல்மனைட்டும் மோனசைட்டும் கார்னெட்டும் கலந்த மணல், கறுப்பு நிறம் வெயிலைச் சீக்கிரம் குடித்துக்கொள்ளும். எட்டரை மணிக்கு நம் செருப்புக்குத் தெரியாத சூடு நாய் பாதத்தைப் பொத்துப்போக வைத்துவிடும். புறங்கையை மணலில் வைத்து ஏழு எண்ணுவேன். வைக்க முடியவில்லை என்றால் அன்றைக்கு நடை முடிந்தது. அதையும் தாண்டி, குளச்சலுக்கு அப்பால் நீரோடி வரை பல இடத்தில் நடக்க மணலே இல்லை. கடல் அரிப்புக்குப் போட்ட கல் சுவர், அப்புறம் கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவு என்கிற கல் தடுப்பு, மறுபடி கல். கல் இடுக்கில் நாயின் கால் மாட்டினால் உடைந்துவிடும். அங்கெல்லாம் நடக்க வராதீர்கள் என்றுதான் மற்ற நாய்க்காரர்களிடம் சொல்கிறேன். ஊர்க்காரர்களுக்கு அது பிழைப்பின் கரை, நமக்கு நடக்க வேறு இடம் இருக்கிறது.

இதையெல்லாம் நான் கற்றுக்கொள்ள மூன்று வருஷமும் ஒரு கூடை நெத்திலியும் ஆயிற்று. உங்களுக்கு இது பிறந்ததிலிருந்து தெரியும். பொழி அடைத்திருக்கிறதா, கருவாடு எங்கே காய்கிறது, எந்தத் திருப்பத்தில் ஊர்நாய்க் கூட்டம் நிற்கிறது என்று உங்கள் ரிசப்ஷன் பையனைக் கேட்டால் காப்பி ஆற்றிக்கொண்டே சொல்லிவிடுவான். ஆனால் "நாய்க்கு இடமில்லை" என்று போனை வைத்துவிட்டால், வருகிறவர்கள் வராமல் இருந்துவிடப் போவதில்லை. காரிலேயே தூங்கி, ஒருவரிடமும் கேட்காமல், பத்து மணி வெயிலில் நாயை அவிழ்த்துவிடுவார்கள். கள்ளக்கடல் என்று ஒரு சொல் இருப்பதே வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. காற்றில்லை, மழையில்லை, எங்கோ தெற்கே தூரத்தில் கிளம்பிய அலை திருடன் மாதிரி கரையேறும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரைக் கடல் கொண்டுபோனது. ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையம் கள்ளக்கடல் எச்சரிக்கை கொடுத்திருந்த நாட்கள் அவை. எச்சரிக்கை வந்த அன்றைக்கு, "இன்னைக்குக் கரைக்கு இறங்காதீங்க மேடம்" என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். அது சாவி கொடுக்கும் இடத்தில் இருந்தால் நல்லது.

ஆகவே நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. கீழ்த்தளத்தில், தரைவிரிப்பு இல்லாத, கழுவிவிடக்கூடிய ரூம் ஒன்று. வாசலில் ஒரு பைப். உப்பு காய்ந்தால் நாய் நக்கி நக்கித் தோலைப் புண்ணாக்கிக்கொள்ளும், கடல் தண்ணீர் வயிற்றுக்குள் போனால் வாந்தியும் பேதியும்தான். ஆகவே நல்ல தண்ணீரில் கழுவியே உள்ளே விட வேண்டும். பழைய சாக்கும் துண்டும் நாங்களே கொண்டுவருவோம். நாய்க்குத் தனியாக ஐந்நூறோ எழுநூறோ வாங்குங்கள், டெபாசிட்டும் வாங்குங்கள், போகும்போது ரூமைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். வெறிநாய்க்கடி ஊசி போட்ட அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாதவருக்கு ரூம் கொடுக்காதீர்கள். ரூமில் நாயைத் தனியாகப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது என்று எழுதி ஒட்டுங்கள். மெத்தை கடிபட்டது பெரும்பாலும் அந்த அரை மணி நேரத்தில்தான் இருக்கும்.

உங்களுக்கு நஷ்டம் வராது. கார்த்திகை, மார்கழியில் சாமிமார் கூட்டத்தில் உங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது, அப்போது நாங்கள் எட்டிப் பார்க்க மாட்டோம். மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை நடக்கும் பத்து நாளும் அந்தப் பக்கம் வர மாட்டோம். மற்றபடி பிப்ரவரி, மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பரீட்சை, குடும்பங்கள் வராது. உங்கள் ரூம்கள் சும்மா கிடக்கும், கடலும் சாதுவாக இருக்கும். ஒன்றே ஒன்று, பங்குனி ஆமை என்கிற கடலாமை ராத்திரியில் கரையேறி முட்டையிடும் காலம் அது. நாய்க்கு முட்டை வாசம் வந்துவிட்டால் தோண்டாமல் விடாது. விடிந்த பிறகு மட்டும், கயிற்றோடு மட்டும் என்று அந்த மாதங்களுக்குக் கூடுதலாக ஒரு வரி போடுங்கள்.

இல்லை, எங்களால் முடியாது என்றால் அதையும் போனிலேயே சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன். ஏழு மணிக்கு வாசலில் வைத்துச் சொல்லாமல் இருந்தால் போதும்.

வருகிற மாதம் இரண்டாவது சனிக்கிழமை வருவதாக இருக்கிறோம். ஒரு ராத்திரி, கீழ்த்தளம், பெரியவர்கள் இருவர். செவலை பதினாறு கிலோ, குரைக்க மாட்டாள், குறட்டை விடுவாள். மணி தோள் வரை இருபத்தைந்து அங்குலம்; நேற்றுதான் சுவரோடு நிறுத்தி டேப் வைத்து அளந்தேன்.