கழற்றச் சொல்பவர்கள் வண்டிக்கு அடியிலும் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழின் வாகனப் பக்கத்தைத் தவறாமல் வாசிப்பவன் நான். வாசித்து முடித்ததும் ஒரு பெருமூச்சு வரும். மின்சாரக் கார், ஹைபிரிட் கார், தொடுதிரை, தானே பிரேக் பிடித்துக்கொள்ளும் வசதி! இவற்றை வாங்கக்கூடியவர்களை எங்கள் மூதூர்ப் பக்கத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். இலங்கையில் 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பவும் தொடங்கியபோது எனக்கும் கொஞ்சம் ஆசை துளிர்த்தது உண்மைதான். பின்னால் பாரப் பெட்டியுள்ள புதிய கெப் வண்டியின் விலையைக் கேட்டேன். கோடிகளில் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து பழைய வண்டிக்கு ஒயில் மாற்றினேன்.

அந்தப் பழைய வண்டியில் நான் செய்த இரண்டு மாற்றங்களையும், இப்படிப்பட்ட மாற்றங்களைச் சோதிக்கிற விதத்தையும் பற்றித்தான் இந்தக் கடிதம். 1992ஆம் ஆண்டின் டொயோட்டா ஹைலக்ஸ், ஒற்றை கெப், 2,446 சிசி டீசல் இயந்திரம். அதில் நான் ஏற்றுவது தயிர். எருமைத் தயிர், மண் சட்டியில். விடியுமுன் கட்டைபறிச்சானில் ஏற்றி, இறால்குழி, உப்பாறு, கிண்ணியா வழியாகத் திருகோணமலை நகருக்குக் கொண்டுபோகிறேன். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அங்கே ‘பாதை’க்கு, அதாவது வண்டிகளை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைக்கு, காத்துக் கிடந்தே பொழுது போகும். அப்பா காலத்தில் தயிர் மூதூர் இறங்குதுறையிலிருந்து லோஞ்சில் போனது. கடல் அமைதியாக இருந்தால் சட்டியில் ஒரு கீறலும் விழாது என்று அவர் சொல்வார். பாலங்கள் வந்தன, தெரு வந்தது, கூடவே குலுக்கலும் வந்தது.

தயிர் வியாபாரம் தெரியாதவர்களுக்கு ஒரு சொல். உறைந்த தயிர் கத்தியால் வெட்டினால் துண்டாக நிற்க வேண்டும். வண்டி குலுக்கினால் அது உடைந்து ஓரத்தில் தண்ணீர் விடும். தண்ணீர் விட்ட சட்டியைக் கடைக்காரர் கையில் எடுத்துச் சரித்துப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் ஒதுக்கி வைப்பார். அன்றைய இலாபம் அந்த ஒதுக்கிய வரிசையில் இருக்கும். ஹைலக்ஸோ ஒரு தொன் பாரம் சுமக்கவென்று செய்த வண்டி. பின் ஸ்பிரிங் பட்டைகள் அந்தப் பாரத்துக்கு ஏற்ற முரட்டுப் பட்டைகள். நான் ஏற்றுவதோ அதில் பாதிகூட இல்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் பின்பகுதி மாட்டுக்கன்றைப் போலத் துள்ளும்.

சாக்கு விரித்தேன். தும்பு மெத்தை போட்டேன். ஷொக் அப்சோபர் மாற்றினேன். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தேன். ஒவ்வொன்றும் கொஞ்சம் உதவியது. கடைசியில் ஒரு கராஜில் பின்பக்கம் இரண்டு பக்கத்திலும் நடுப் பட்டை ஒவ்வொன்றைக் கழற்றிவிட்டார்கள். அரைநாள் வேலை. மறுநாள் காலையில் நகரத்துக் கடைக்காரர் ஒரு சட்டியையும் ஒதுக்கவில்லை. அன்று நான் அடைந்த பெருமையை எழுத்தில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பெருமை மார்கழி வரைக்கும்தான். தயிரை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். முதல் நாள் இரவெல்லாம் மழை. கிண்ணியாவைத் தாண்டி ஒரு வளைவில் கன்று ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தினேன். முன்பக்கம் நின்றது. பின்பக்கம் நிற்காமல் என்னை முந்திக்கொண்டு போகப் பார்த்தது. வண்டி அரைவட்டம் அடித்து, நான் புறப்பட்டு வந்த நகரத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. எதிரே பஸ் வரவில்லை என்பதால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கன்று ஓரமாய் நின்று என்னை விசாரிப்பதுபோலப் பார்த்தது.

டயர் வழுவழுப்பு என்று ஒருவர் சொன்னார், பிரேக் சப்பாத்து என்று இன்னொருவர் சொன்னார். டயரும் புதிது, சப்பாத்தும் புதிது. கடைசியாகக் கிண்ணியாவில் வயதான ஒரு பாஸிடம் (மெக்கானிக்) கொண்டுபோனேன். ‘நானா’ என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். நானா வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. பின்னால் நின்று, சக்கரத்துக்கும் மட்காட்டுக்கும் இடையில் கையை விட்டுப் பார்த்தார். “தம்பி, வண்டி இரண்டு விரல் இறங்கியிருக்கிறது. பட்டை எடுத்தீர்களா?” என்றார். பிறகு அடியில் படுத்து என்னையும் படுக்கச் சொன்னார்.

பின் அச்சிலிருந்து மேலே சேஸிக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்கு, ஒரு வளைந்த கம்பி போகிறது. பென்சில் தடிப்புக்கூட இருக்காது. அது ஒரு சிறு வால்வை அசைக்கிறது. பெட்டியில் பாரம் ஏறினால் சேஸி இறங்கும், கம்பி அசையும், வால்வு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தத்தை விடும். பாரம் இல்லையென்றால் அழுத்தத்தைக் குறைக்கும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னுக்குச் சாய்வதால், வெறும் வண்டியின் பின்சக்கரங்கள் தரையை இறுக்கிப் பிடிப்பதில்லை. அந்த நேரம் அவற்றுக்கு அதிக பிரேக் கொடுத்தால் சுழற்சி நின்று பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரம் பக்கவாட்டில் வழுக்கும். நான் பட்டையை எடுத்ததும் சேஸி தானாகவே இறங்கிவிட்டது. “பெட்டியில் எந்நேரமும் பாரம் இருக்கிறது என்று இந்தக் கம்பி நினைத்துக்கொண்டிருக்கிறது, அதற்கு யார் சொல்வது?” என்றார் நானா. வண்டியை உயர்த்துகிறவர்களுக்கு இதே கம்பி எதிர்ப்பக்கமாகப் பொய் சொல்லும் என்றும் சொன்னார். பாரம் ஏற்றியிருந்தாலும் வெறும் வண்டி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடுமாம்.

பிடியைத் தளர்த்தி, கம்பியைப் புதிய உயரத்துக்கு ஏற்றாற்போல் வைத்து முறுக்கினார். அத்தோடு விடவில்லை. கராஜுக்குப் பின்னால் இருந்த மண் தரையில் என்னை ஓடவிட்டுத் திடீரென்று பிரேக் பிடிக்கச் சொன்னார். இறங்கி வந்து பார்த்தால், அவர் குந்தியிருந்து சக்கரத் தடங்களை விரலால் அளந்துகொண்டிருந்தார். முன்சக்கரம் இழுபட்ட தடம் முதலில் தொடங்க வேண்டும், பின்சக்கரத்தினுடையது அதற்குப் பிறகு. மூன்று தடவை ஓடவிட்டு, மூன்று தடவை முறுக்கினார். கூலியைவிட எனக்கு அவர் கொடுத்த எச்சரிக்கைதான் பெரிது: பட்டை எடுத்த வண்டியில் நெல் மூட்டை ஏற்றக் கூடாது, ஏற்றுவதென்றால் பட்டையைத் திரும்பப் போட்டுக் கம்பியையும் திரும்ப வைக்க வேண்டும். கழற்றிய பட்டைகள் இன்னும் ஆட்டுக்கொட்டில் கூரையில் செருகியிருக்கின்றன.

இரண்டாவது மாற்றம் முன்விளக்கு. இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எருமைகள் இரவில் சூடான தார்த் தெருவில் படுப்பவை. எருமையும் கறுப்பு, தாரும் கறுப்பு. யாருடைய பாலில் பிழைக்கிறேனோ அவற்றின் மேலேயே மோதிவிடக் கூடாதல்லவா? நகரத்துக்குள் போனால் தெருவில் புள்ளிமான்கள். என் விளக்கோ மெழுகுதிரி போல எரிந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தோம். இயந்திரம் ஓடும்போது பற்றரி முனையில் 13.8 வோல்ட், விளக்கின் பின்னால் 12.1. முப்பது வருட வயரும் சுவிச்சும் மீதியைத் தின்றுகொண்டிருந்தன. வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் ஹலோஜன் பல்பின் வெளிச்சம் அதைவிடப் பலமடங்கு விழுந்துவிடும். என் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது. இரண்டு ரிலே (பழைய சுவிச்சுக்குப் பதிலாக விளக்கின் மின்சாரத்தைத் தானே சுமக்கும் மின்சுவிச்), பியூஸ், தடித்த வயர் போட்டுப் பற்றரியிலிருந்து நேரே எடுத்தோம். பல்ப் பழைய 60/55 வாட் தான். எதிரே வருபவர் கண்ணில் அடிக்காமல் தெரு துலங்கியது. பழைய விளக்குக் கிண்ணத்துக்குள் எல்ஈடி பல்பைச் செருகிவிட்டு வருகிறவர்களைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் நீங்கள் பிரசுரிக்க மாட்டீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ என்ற அரசாங்க வேலைத்திட்டத்தோடு, வாகனங்களில் அனுமதியின்றிப் பொருத்தியவற்றைக் கழற்றும் சோதனைகள் நாடெங்கும் நடந்தன. அதை நான் வரவேற்றவன். காது கிழிக்கும் ஹோர்னும் கண் கூசும் விளக்குமாக வந்த பஸ்களுக்கு ஒரு முடிவு வேண்டித்தான் இருந்தது. என் வண்டியையும் ஒருநாள் ஓர் இடத்தில் நிறுத்தினார்கள். அதிகாரி மரியாதையாகப் பேசினார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், பெட்டியில் ஒட்டியிருந்த முருகன் படத்தைப் பார்த்தார். பொனற்றைத் திறந்து ரிலேயைக் கண்டதும் “இதற்கு அனுமதி இருக்கிறதா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். அவருக்கும் தெரியவில்லை. சிரித்துவிட்டு அனுப்பிவிட்டார்.

வண்டிக்கு அடியில் அவர் குனியவில்லை. குனிந்திருந்தாலும் அந்தக் கம்பி அவர் கண்ணில் பட்டிருக்காது. வருடாவருடம் நான் எடுக்கும் புகைச் சான்றிதழ் புகையை மட்டும்தான் சொல்கிறது. ஆக, உயிரைக் காக்கும் ரிலே கேள்விக்கு உள்ளாகிறது, உயிரை எடுக்கப் பார்த்த பட்டை வேலை யார் கண்ணிலும் படாமல் தெருவில் ஓடுகிறது.

திருகோணமலையில் பழைய கெப் வண்டியில்லாமல் ஒன்றும் நகராது. புல்மோட்டையிலிருந்து மீன், குச்சவெளியிலிருந்து வெங்காயம், தம்பலகாமத்திலிருந்து நெல். 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில், 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் சீனக்குடாவைக் கடந்துபோய் டீசல் வரிசையில் இரவிரவாய் நின்றவையும் இந்த வண்டிகள்தான். (அந்த வேடிக்கையை இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன்.) ஒவ்வொரு வண்டியிலும் உரிமையாளர் எதையாவது மாற்றியிருக்கிறார். ஐஸ் தண்ணீர் வடிய ஓட்டை போட்டிருப்பார், பட்டை ஒன்று கூட்டியிருப்பார், பெட்டிக்கு மேல் கம்பிக்கூடு அடித்திருப்பார். கம்பிக்கூடு எத்தனை அடி உயர்ந்தால் வண்டி வளைவில் சாயும் என்று அவரிடம் சொல்ல ஆளில்லை. அவர் கேட்கப் பயப்படுகிறார். கேட்டால் தண்டப்பணம் எழுதிவிடுவார்களோ என்ற பயம்.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் நான் கேட்பது இவ்வளவுதான். மாதத்தில் ஒரு நாள், தண்டம் இல்லாமல், விவரம் தெரிந்த பரிசோதகர் ஒருவர் இந்த வண்டிகளின் அடியில் குனிந்து பார்க்கட்டும். வருடாந்த அனுமதிப்பத்திரம் எடுக்கப் போகும் பிரதேச செயலகங்களில், எந்த மாற்றத்துக்கு முன்அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாள் ஒட்டட்டும். உங்களிடம் கேட்பது இன்னும் சிறியது. வாகனப் பக்கத்தில் கால் பக்கத்தைப் பழைய வண்டிக்காரருக்கு ஒதுக்கி, எங்கள் கேள்விகளுக்கு அனுபவமுள்ள ஒரு பாஸைக் கொண்டு பதில் எழுதுவியுங்கள்.

முதல் கேள்வியை நானே அனுப்பிவிடுகிறேன். என் வண்டியின் நீள இருக்கையில் நடுவில் இருப்பவருக்கு இடுப்புப் பட்டி மட்டும்தான் இருக்கிறது, தோள் பட்டி இல்லை. பின்சுவர்த் தகட்டில் துளையிட்டுத் தோள் பட்டி பொருத்தினால் அந்தத் தகடு தாங்குமா? மகள் அங்கேதான் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போகிறாள்.

இப்படிக்கு,
தயிர் வியாபாரி ஒருவர்,
கட்டைபறிச்சான், மூதூர்.