எந்த செட்டிங்க வெளிய விடறது

அடியே,

ரெண்டு மாசமா உன் வாய்ஸ் நோட்டுக்கு பதிலே போடல, கோவத்துல இருப்பன்னு தெரியும், மன்னிச்சுக்கோ. அம்மா முட்டி வலி இப்ப பரவால்ல. ஓஎம்ஆர்ல மெட்ரோவுக்கு தோண்டினதுல பெருங்குடி தாண்டறதுக்குள்ள உயிர் போகுது. சரி விஷயத்துக்கு வரேன், உன்ன விட்டா இத கேக்க எனக்கு ஆள் இல்ல.

புது நெட்வொர்க் கார்டுக்கு டிரைவர், அதாவது அத ஓட்டற சாஃப்ட்வேர், எழுதறோம்ல, அதுல கஸ்டமர் எந்தெந்த செட்டிங்க மாத்தலாம்னு வெள்ளிக்கிழமை முடிவு பண்ணணும். லிஸ்ட்ல 52 இருக்கு. மொட்டை எல்லாத்தையும் குடுத்துடுங்கறான், வேணுங்கறவன் மாத்திக்கட்டுமாம், ஹாஸ்டல்ல மெஸ் மெனு போட்ட அதே மொட்டைதான்.

போன வாரம் ராத்திரி 2 மணிக்கு ஒரு கால். பேக்கப் நகரவே மாட்டேங்குது, ஆனா பிங், லைன் இருக்கான்னு தட்டிப் பாக்கற சின்ன பாக்கெட், நல்லா போகுது, லிங்க் லைட்டும் பச்சையா எரியுது. கார்டு போய் சேர்ற நெட்வொர்க் ஸ்விட்ச்சோட போர்ட் கவுன்டர காட்டச் சொன்னா, லேட் கொலிஷன், அதாவது பாக்கெட் அனுப்ப ஆரம்பிச்சு ரொம்ப லேட்டா வர்ற மோதல், அந்த நம்பர் கண்ணு முன்னாடியே ஏறுது. எவனோ பழைய குறிப்ப பாத்து நம்ம பழைய கார்ட 100 மெகாபிட், ஃபுல் டூப்ளெக்ஸ், அதாவது ஒரே நேரத்துல அனுப்பவும் வாங்கவும் செய்யறதுன்னு ஃபிக்ஸ் பண்ணிட்டான், ஸ்விட்ச் ஆட்டோல இருக்கு. ரெண்டு பக்கமும் பேசி ஸ்பீடையும் டூப்ளெக்ஸையும் ஒத்துக்கறதுதான் ஆட்டோ நெகோஷியேஷன், இந்தப் பக்கம் அத பேசலன்னா ஸ்விட்சுக்கு ஸ்பீடு மட்டும்தான் தெரியும், டூப்ளெக்ஸ் தெரியாது, அதனால ஹாஃப்க்கு, ஒரு நேரத்துல ஒரு பக்கம் மட்டும் அனுப்பற முறைக்கு, போயிடும். பிங் ஒண்ணு ரெண்டு பாக்கெட், ஓடிடும். பெரிய ஃபைல் போறப்ப ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல அனுப்பும், இடிச்சுக்கும். அந்த அட்மினுக்கு குரலே நடுங்குது, காலையில ஆடிட்டாம். அவர் மேல என்னடி தப்பு, கதவ திறந்து வெச்சது நாமதான? ஸ்பீட ஃபிக்ஸ் பண்ண விடாம, எந்த ஸ்பீடெல்லாம் ஒத்துக்கலாம்னு மட்டும் குறைக்க விட்டிருந்தா பேச்சுவார்த்தை நடந்திருக்கும், இது வந்திருக்காது.

அன்னிலேருந்து ஒவ்வொரு செட்டிங்கையும் ஒரே கேள்வி கேக்கறேன், இதுக்கு பதில் கஸ்டமரோட வேலைய பொறுத்ததா, இல்ல நாம அளந்து பாக்காம அவர் தலையில கட்டறதா? இன்டரப்ட, அதாவது பாக்கெட் வந்துடுச்சுன்னு கார்டு சிபியுவ தட்டறத, எவ்ளோ நேரம் சேத்து வெக்கணுங்கறது அவர் வேலைய பொறுத்தது, பேக்கப் சர்வர்காரருக்கு சேத்து வெச்சா சிபியு மிச்சம், டிரேடிங்காரருக்கு ஒவ்வொரு மைக்ரோசெகண்டும் பாரம். வர்ற பாக்கெட்டெல்லாம் வரிசையா காத்திருக்கற ரிங்கோட சைஸும் அப்படித்தான். கிகாபிட்ல 64 பைட் பாக்கெட்டா வந்தா செகண்டுக்கு 14.88 லட்சம், 256 ஸ்லாட் 0.17 மில்லிசெகண்ட்ல ரொம்பிடும், சிபியு கொஞ்சம் அசந்தா டிராப், ரிங்க பெருசாக்கினா மெமரி போகும். இத அவர்தான் சொல்லணும். ஆனா எத்தன பைட்டுக்கு கீழ இருந்தா பாக்கெட்ட சின்ன பஃபர்ல காப்பி பண்றதுங்கறத அவர் எப்படிடி கண்டுபிடிப்பாரு? லேப்ல மெஷின் வெச்சிருக்கறது நாம. 2012ல லினக்ஸ் 3.3ல பிக்யூஎல் (பைட் க்யூ லிமிட்ஸ்) வந்துச்சே ஞாபகம் இருக்கா, அனுப்பற க்யூல எவ்ளோ பைட் நிக்கலாம்னு கர்னலே ஓட ஓட கணக்கு போட்டுக்குது. செய்ய முடியும்டி, கொஞ்சம் உழைக்கணும், அவ்ளோதான்.

ஒருதடவ மேனுவல்ல போட்டுட்டா திரும்ப எடுக்கவே முடியாது, யாரோட ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்ட்லயாவது உக்காந்திருக்கும். அதான் பயமா இருக்கு. என் கணக்குல 7 தேறுது, மொட்டைக்கு அது போதாது.

நீ ஆறு வருஷம் சப்போர்ட்ல போன் எடுத்தவ. எந்த செட்டிங்க மாத்தி நிஜமாவே ஒருத்தர் பொழச்சாரு, எத மாத்தி மாட்டினாரு, ஞாபகம் வர்றத எல்லாம் புதன்கிழமைக்குள்ள அனுப்பு, வாய்ஸ் நோட்டா இருந்தாலும் சரி, முழுசா கேக்கறேன்.