பூங்காவில் உதவிய அம்மாவுக்கு நன்றி

நேற்று மாலை அலுவலகம் முடிந்து மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் வேகமாக நடந்துகொண்டிருந்தபோது கெண்டைக்கால் சதை சுருண்டு பிடித்துக்கொண்டது. உயிர் போகிற வலி. பின்னால் வந்த அம்மா ஒருவர் என்னை பெஞ்சில் உட்காரவைத்து, ஷூவைக் கழற்றி, முழங்காலை மடக்காமல் நீட்டச் சொல்லி, கால்விரல்களை என் பக்கமாக மெல்ல இழுத்துப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் சதை இளகியது. முன்பின் தெரியாதவன் காலைத் தொட அவர் தயங்கவே இல்லை. நினைத்தால் இப்போதும் நெஞ்சு நெகிழ்கிறது.

தெற்கு மாட வீதியில் காய்கறியும் அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரையும் வாங்க வேண்டும் என்றேன். “காய் நாளைக்கு வாங்கலாம் தம்பி, மாத்திரையை மட்டும் வாங்குங்கள்” என்று லஸ் மருந்துக்கடை வரை கூடவே வந்தார். பஸ் வந்ததும் பெயர்கூடச் சொல்லாமல் ஏறிவிட்டார்.

அம்மா, மனமார்ந்த நன்றி. அப்பா வேளை தவறாமல் மாத்திரை போட்டுக்கொண்டார்.