மூன்றிலிருந்து ஐந்துக்கும் ஒரு நட்சத்திரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் இன்னும் பல தொடக்கப் பள்ளிகளில் பரிசு என்றாலே முதல் மூன்று ரேங்க்தான். அதே மூன்று பிள்ளைகள் வருடம் முழுக்க வாங்க, மற்றவர்கள் ஜூலையிலேயே ஆசையை விட்டுவிடுகிறார்கள். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தமிழக அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் கற்றல் நிலை பார்த்துத்தானே கற்பிக்கிறது? பரிசும் அந்த வழியில், அவரவர் முன்னேற்றத்தைப் பார்த்துப் போகட்டும்.

வெள்ளிக்கிழமைதோறும் 10 சொல் டிக்டேஷன் போதும். முதல் இரண்டு வாரச் சராசரியே ஒவ்வொரு பிள்ளையின் தொடக்கப் புள்ளி. ஒரே தேர்வை வைத்தால், காய்ச்சலோடு எழுதிய மதிப்பெண்ணே அளவுகோலாகிவிடும். 3-இல் தொடங்கிய பிள்ளை 5 எடுத்தால் நோட்டில் ஒரு நட்சத்திரம். பக்கத்திலேயே, "பல்லி, பள்ளி இரண்டும் குழப்பமில்லாமல் வந்துவிட்டது" என்று ஒரு வரி. அந்த வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். எது கைவந்தது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

9, 10 வாங்குகிறவர்களுக்கு ஏற இடமிருக்காது. அவர்களுக்குச் சொல்லுக்குப் பதில் இரண்டு வாக்கியம் கொடுக்கலாம். நட்சத்திரங்களைச் சுவரில் ஒட்டினால் அதுவும் ரேங்க் பட்டியலாகிவிடும், நோட்டுக்குள்ளேயே இருக்கட்டும். சாக்லேட் வேண்டாம். ஐந்து நட்சத்திரம் சேர்ந்தால் அன்றைக்குப் பள்ளி மணியை அந்தப் பிள்ளை அடிக்கட்டும்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
சென்னை