மதுராந்தகம் நிலத்தை அளப்பது பற்றி கோமதிக்கு

குரோம்பேட்டை, சென்னை

அன்புள்ள கோமு,

கடிதம் கிடைத்தது. அண்ணாவின் முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லோரும் சுகம். கிளாம்பாக்கத்தில் பஸ் நிலையம் வந்ததிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டைத் தாண்டியும் வயலெல்லாம் மனைக் கொடி பறக்கிறது. அந்த வரிசையில் நீயும் மதுராந்தகம் பக்கம் ஒரு ஏக்கர் பார்த்திருக்கிறாய். சந்தோஷம்.

புரோக்கரே சர்வேயரைக் கூட்டி வருகிறேன் என்கிறாராமே, அது மட்டும் வேண்டாம். கூலி யார் கையிலிருந்து போகிறதோ அவருக்குச் சாதகமாகத்தான் டேப் நீளும். உரிமம் பெற்ற அளவரை நீயே பிடி. உரிமத்தின் நகலை வாங்கி எண்ணையும் செல்லுபடியாகும் தேதியையும் பார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேள்: "எந்தக் கல்லிலிருந்து ஆரம்பிப்பீர்கள்?"

"ரோட்டு ஓரத்திலிருந்து", "பக்கத்துக்காரர் வேலியிலிருந்து" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பார். ரோட்டை அகலப்படுத்தும்போது ஓரம் பட்டா நிலத்துக்குள் வந்திருக்கும், வேலியோ வருஷா வருஷம் கொஞ்சம் நகரும். தெரிந்தவர் முதலில் எஃப்.எம்.பி.யை, அதாவது அரசின் புல அளவு வரைபடத்தை, கையில் எடுப்பார். புலத்தை, அதாவது ஒரு சர்வே எண்ணுக்குரிய நிலத்தை, முக்கோணங்களாகப் பிரிக்கும் ஜி-லைன் என்ற கோடு, அதிலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் செங்குத்தாக எடுத்த தூரமான ஆஃப்செட், எல்லாம் அதில் இருக்கும். மூன்று எல்லைகள் கூடும் முச்சந்திக் கல்லையோ பக்கத்துப் புலத்தின் கல்லையோ மண்ணைத் தோண்டித் தேடுவார். இரண்டு கல் கிடைத்தால் படத்தைத் தரையில் பொருத்திவிடலாம், ஆனால் அந்த இரண்டும் நகராமல் இருக்கின்றனவா என்று மூன்றாவது கல்தான் சொல்லும். கல்லுக்குக் கல் தூரத்தை அளந்து படத்தோடு ஒப்பிடாமல் வேலையைத் தொடங்குபவரை நம்பாதே. மனை போடும் ஜே.சி.பி. பிடுங்கிய கல்லை யாராவது நல்ல மனசோடு ஒரு ஓரமாக நட்டு வைத்திருப்பார்கள், அதுதான் பெரிய ஆபத்து.

டோட்டல் ஸ்டேஷன், டி.ஜி.பி.எஸ். என்று கருவிப் பெயரைச் சொல்லி மயக்குவார்கள். நல்ல கருவிகள்தான். தப்பான கல்லிலிருந்து தொடங்கினால் தப்பையே மில்லிமீட்டர் சுத்தமாகக் காட்டும், அவ்வளவுதான். செல்போன் ஆப்பில் நடந்தே அளப்பதைக் கணக்கிலேயே எடுக்காதே. 100 மீட்டர் நீளமுள்ள ஒரு பக்கத்தில் கோடு 3 மீட்டர் தள்ளிப்போனாலே 300 சதுர மீட்டர், ஏழு சென்டுக்கு மேல் பிசகிவிடும்.

ஆளைப் பிடிக்கும் முன் வீட்டில் உட்கார்ந்தே செய்ய வேண்டிய வேலை ஒன்று. பட்டா, எஃப்.எம்.பி., கிராமத்தின் நில விவரங்கள் உள்ள அ-பதிவேடு மூன்றையும் அரசு இணையதளத்தில் இறக்கிப் பத்திரத்தோடு வைத்துப் பார். பட்டாவில் பரப்பு ஹெக்டேர்-ஏர் கணக்கில் இருக்கும், ஒரு ஏர் என்றால் 100 சதுர மீட்டர். ஏரை 2.471-ஆல் பெருக்கினால் சென்ட். பத்திரத்தில் "ஒரு ஏக்கர்" என்றிருந்து பட்டாவில் 0-36.50, அதாவது 36.5 ஏர், என்றிருந்தால் 90 சென்ட்தான் இருக்கிறது, பத்து சென்ட் எங்கே என்று விற்பவரைக் கேள். 1980-களில் யூ.டி.ஆர். என்ற நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்பு நடந்தபோது பல ஊர்களில் உட்பிரிவு எண் மாறியது, பரப்பிலும் பிழை ஏறியது. பழைய பத்திரத்தின் எண்ணையும் இன்றைய எண்ணையும் பொருத்திப் பார்க்காமல் அளக்கப் போனால் வேறு யாரோ ஒருவர் நிலத்தை அளந்துவிட்டு வருவீர்கள். வாய்க்கால், வண்டிப்பாதை, ஏரிப் புறம்போக்கு உன் எல்லையைத் தொடுகிறதா என்று கிராம வரைபடத்தில் பார்த்துவிடு. எஃப்.எம்.பி.யைப் பிரிண்ட் எடுத்து அதன்மேல் ஸ்கேலை வைக்காதே, பிரிண்டரில் படம் சுருங்கியிருக்கும். எழுதியிருக்கும் எண்களைத்தான் எடுக்க வேண்டும்.

நாலு பக்க அளவு மட்டும் இருந்தால் பரப்பு நிலைக்காது. நாலு பக்கமும் 100 அடி, மூலை மட்டும் 70 டிகிரி என்று வை. 10,000 சதுர அடி வராது, 9,397தான். மூலைவிட்டம் ஒன்றாவது அளந்து வரைபடத்தில் எழுதச் சொல்.

நீ பார்த்த நிலம் பலர் பேரில் சேர்ந்திருக்கும் கூட்டுப் பட்டாவா? அப்படியானால் உன் பங்குக்கு எஃப்.எம்.பி.யில் கோடே இருக்காது. அளவர் வெளி எல்லையைக் காட்டலாம், உள்ளே யார் பங்கு எங்கே என்று அவரால் சொல்ல முடியாது. பங்காளிகள் எல்லோரும் ஒப்பி உட்பிரிவு செய்த பிறகு வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொன்று, நீ பணம் கொடுத்து எடுக்கும் தனி அளவை உன் தெளிவுக்குத்தான். பக்கத்துக்காரரைக் கட்டுப்படுத்த அரசு அளவை வேண்டும். இணையத்திலோ இ-சேவை மையத்திலோ கட்டணம் கட்டினால் பிர்கா சர்வேயர், அதாவது சில கிராமங்களுக்குச் சேர்த்துப் பொறுப்பான அரசு அளவர், தேதி கொடுப்பார், எல்லைக்காரர்களுக்கு நோட்டீஸ் போகும். பட்டா இன்னும் விற்பவர் பேரில் இருப்பதால் மனு அவரே போடட்டும், அட்வான்ஸ் பேசும்போதே இதை நிபந்தனையாக வை. ஆக்கிரமிப்பு தெரியவந்தால் சர்வேயர் காட்டுவார், அகற்ற மாட்டார். பட்டாவுக்கும் பட்டாவுக்கும் தகராறு என்றால் சிவில் கோர்ட்தான்.

கூலி பேசும்போது எத்தனை கல், கல் யார் செலவு, வரைபடம் எத்தனை நாளில் என்று எழுதி வாங்கு. வரைபடத்தில் எஃப்.எம்.பி. அளவும் தரையில் வந்த அளவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். தொடங்கிய கற்களை போட்டோ எடுத்து அதோடு சேர்க்கச் சொல். பாதிப் பணத்தை வரைபடம் கைக்கு வந்த பிறகு கொடு.

ஐப்பசி, கார்த்திகையில் போகாதே. ஏரித்தண்ணீரும் நடவும் வரப்பை மூடியிருக்கும், ஒரு கல்லும் கண்ணில் படாது. தை அறுவடை முடிந்து மாசியில் வை. அதற்கு முன் பட்டா நகலையும் எஃப்.எம்.பி.யையும் வாட்ஸ்அப்பில் அனுப்பு, கணக்கை நான் போட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
சரளா