காலக் குறி இல்லாத ரப்தான் குறை, ரப் அல்ல

ஆசிரியருக்கு,

கிற்றார் பழகும் பிள்ளைகள் ஐந்து கோட்டு நொட்டேஷனைத் தொடாமல் 'ரப்' (ரப்லேச்சர், எந்தத் தந்தியில் எந்த இடத்தில் விரல் வைப்பது என்று எண்ணால் காட்டும் முறை) பார்த்து வாசிப்பது குறுக்கு வழி, அதை வகுப்புகளில் நிறுத்த வேண்டும் என்று சென்ற ஞாயிறு ஒரு வாசகர் உங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். அவர் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வட இலங்கை சங்கீத சபையின் வீணைப் பரீட்சைகள் எடுத்தவள். தபால் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்ற பிறகு, மகள் பள்ளிக்கூடத்தில் மேலைத்தேய சங்கீதம் எடுத்த காலத்தில் வாங்கிப் பிறகு தொடாமல் விட்ட கிற்றாரைத் தூக்கிக்கொண்டு சுண்டுக்குளியில் ஒரு வகுப்புக்குப் போகிறேன். கூடப் படிப்பவர்கள் ஒன்பதாம், பத்தாம் தரத்துப் பெடியள். ரப்பையும் நொட்டேஷனையும் நானும் அவர்களும் ஒன்றாகவே எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கிறோம்.

ரப்லேச்சரில் ஆறு கோடு, கோட்டுக்கு ஒரு தந்தி. கோட்டில் 3 என்று இருந்தால் அந்தத் தந்தியில் மூன்றாம் மெட்டு (கழுத்தில் குறுக்காகப் பதித்திருக்கும் கம்பி). 0 என்றால் வெறுந்தந்தி. முதல் வகுப்பிலேயே விரல் போய்விடும். தடுமாற்றம் இரண்டு இடத்தில்தான். தாளில் மேலே இருக்கும் கோடு மெல்லிய தந்தி. கிற்றாரை மடியில் வைத்துக் குனிந்து பார்த்தால் கண்ணுக்குக் கிட்ட இருப்பதோ தடித்த தந்தி. "அன்ரி, தாளில மேல இருக்கிறது கையில கீழ" என்று படிப்பிக்கிற தம்பி சொல்லிக்கொண்டே இருப்பார். மற்றது எண். ரப்பில் வரும் எண் மெட்டைக் குறிக்கும். நொட்டேஷனில் சுரத்துக்குப் பக்கத்தில் வரும் சின்ன 1, 2, 3, 4 இடக்கை விரலைக் குறிக்கும். பியானோ பழகிவிட்டு வரும் பிள்ளைக்கு இது இன்னும் கரைச்சல். அங்கே 1 பெருவிரல், இங்கே ஆட்காட்டி விரல்.

சரி, வாசகர் சொன்னதற்கு வருகிறேன். பெடியள் கைத்தொலைபேசியில் எடுத்துவரும் ரப்புகளில் பெரும்பாலும் காலம் இல்லை. 5, 7, 8 என்று எண்கள் வரிசையாக நிற்கும். 5இல் எவ்வளவு நேரம் நிற்பது, 7 அரை அடியா முழு அடியா என்பதற்கு ஒரு அடையாளமும் இராது. தெரிந்த பாட்டென்றால் காது நிரப்பிவிடும். கேட்டறியாத உருப்படி ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்: நல்ல கெட்டிக்காரப் பெடியனும் எல்லா எண்ணையும் ஒரே சீராகத் தட்டிக்கொண்டு போவான்.

ஆனால் அது தட்டச்சில் அடித்த ரப்பின் குறை. 1507இல் வெனிஸ் நகரத்தில் பெற்றுச்சி என்ற அச்சகர் லூட் என்ற பழைய தந்தி வாத்தியத்துக்கு ரப் அச்சிட்டார். 1536இல் வலன்சியாவில் லூயிஸ் மிலான் விகுவேலாவுக்கு (கிற்றாரை ஒத்த பழைய ஸ்பானிய வாத்தியம்) எழுதிய உருப்படிகள் ரப்பில் வெளிவந்தன. இரண்டிலும் கோடுகளுக்கு மேலே காலக் குறிகள் வாலும் கொடியுமாக நிற்கின்றன. ஐந்நூறு வருசத்துக்கு முன்னரே ரப்பில் இருந்த ஒன்றைக் கணினியில் அடித்தவர்கள் கழற்றிவிட்டார்கள். அதற்கு ரப்பையே வகுப்பை விட்டுத் துரத்துவது என்ன நியாயம்?

நொட்டேஷனாலும் எல்லாவற்றையும் சொல்ல முடியாது. முதல் தந்தி வெறுமையாகத் தரும் 'ஈ' சுரம் இரண்டாம் தந்தியில் ஐந்தாம் மெட்டிலும், மூன்றாவதில் ஒன்பதாம் மெட்டிலும், நான்காவதில் பதினான்காம் மெட்டிலும் இருக்கிறது. ஐந்து கோட்டில் நாலுக்கும் ஒரே புள்ளிதான். பக்கத்தில் வட்டத்துக்குள் தந்தி எண் போட்டிருந்தால் தப்பினோம். வீணைக்காரருக்கு இது புதினமில்லை. பஞ்சமத் தந்தியின் ஐந்தாம் மெட்டும் சாரணி என்ற முதல் தந்தியை வெறுமையாக மீட்டுவதும் ஒரே ஷட்ஜம்தானே. போதாததற்குக் கிற்றாருக்கு எழுதுவது ஒலிப்பதைவிட ஒரு ஸ்தாயி மேலே. அப்படி எழுதியும் தடித்த தந்தியின் வெறும் 'ஈ' ஐந்து கோட்டுக்கு வெளியே போடும் மூன்று துண்டுக் கோட்டுக்கும் கீழே போய்த் தொங்குகிறது. அதைக் கண்டுபிடித்து விரல் வைப்பதற்குள் தாளம் போய்விடும். இருந்தாலும் லண்டன் கிரேட் பரீட்சையில் கிளாசிக்கல் கிற்றார் எடுக்கிற பிள்ளைக்கு முன்பின் பார்க்காத துண்டொன்றை நொட்டேஷனில் நீட்டுவார்கள். அதைப் பழகாமல் விடச் சொல்ல எனக்கு விசரில்லை.

என்னுடைய கருத்து, இரண்டையும் ஒரே தாளில் மேலும் கீழுமாக முதல் கிழமையிலேயே கொடுக்க வேண்டும் என்பதுதான். எங்கள் பிள்ளைகளுக்கு இது கஷ்டமும் இல்லை. கர்நாடக சங்கீதம் படித்த பிள்ளைக்குக் குறில் ஒரு அட்சரம், நெடில் இரண்டு, காற்புள்ளி ஒன்று, அரைப்புள்ளி இரண்டு என்பது தண்ணீர்பட்ட பாடு. வாலுள்ள கறுத்தப் புள்ளி ஒரு அடி, வெள்ளைப் புள்ளி இரண்டு, கொடி போட்டது அரை என்று சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்?

வீட்டில் நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன், கிற்றார் உள்ளவர்கள் வாசித்துப் பாருங்கள். மாயாமாளவகௌளை சரளி வரிசை. ஐந்தாம் தந்தியில் 3, 4. நான்காம் தந்தியில் 2, 3. மூன்றாம் தந்தியில் 0, 1. இரண்டாம் தந்தியில் 0, 1. ச ரி க ம ப த நி ச வந்துவிடும், தந்திக்கு இரண்டு சுரமாக, கை ஒரு இடமும் நகராமல். ஆதி தாளம் போட்டு முதலாம் காலம், இரண்டாம் காலம் வாசித்துவிட்டு, அந்த எண்களுக்கு மேலே வாலும் கொடியும் நீங்களே போடுங்கள். அதையே பிறகு ஐந்து கோட்டில் எழுதினால் ரிஷபத்துக்கும் தைவதத்துக்கும் ஏன் பிளாட் குறி (சுரத்தை அரைப்படி இறக்கும் குறி) வருகிறது என்பதும் விளங்கும். எங்கள் வகுப்பில் ஒரு பெடியன் அவரோகணத்தைத் தானாகவே எழுதிக்கொண்டு வந்தான்.

போட்டோக்கொப்பிக் கடைகளுக்கும் ஒரு சொல். ரப்பில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலமுள்ள எழுத்துரு வேண்டும். இல்லாவிட்டால் மேலும் கீழுமாக நேரே நிற்க வேண்டிய எண்கள் விலகி, கோர்ட் (ஒன்றாகச் சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) சிதறிவிடும். ஒரு கடையில் என் தாளைப் பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் திறந்து அச்சடித்துத் தந்தார்கள். ஹாமர் ஒன்னுக்கு (இடக்கை விரலால் தந்தியைத் தட்டி ஒலிப்பது) போடும் ஆங்கில 'எச்' எல்லாம் அரவாகவும் (ா), புல் ஓவ்வுக்கு (விரலால் இழுத்து விட்டு ஒலிப்பது) போடும் 'பி' எல்லாம் விசிறியாகவும் (ி) மாறியிருந்தன. கடைத் தம்பி அதைப் பார்த்து, "இது என்ன பாட்டு அன்ரி?" என்று கேட்டார்.

உங்கள் ஞாயிறு மாணவர் பக்கத்தில் கிழமைக்கு ஒரு சின்னத் துண்டு, நாலு வரியானாலும் போதும், நொட்டேஷன் மேலேயும் ரப் கீழேயுமாக வெளியிட முடியுமா? வகுப்புக்குக் காசு கட்ட வசதியில்லாத பிள்ளை வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளும். வெளியிடுவதென்றால் தயவுசெய்து எழுத்துருவில் அடிக்காமல் படமாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
கொக்குவில் கிழக்கு.