ஈ பிடிக்கும் செடிக்கு எருவும் வேண்டாம், குழாய்த் தண்ணீரும் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பின் தோட்டக் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், ஆசையாக வாங்கி வைத்த, இலையால் பூச்சி பிடித்து உண்ணும் வீனஸ் ஃப்ளைட்ராப் செடி ஒரே மாதத்தில் கருகிவிட்டதே, என்ன காரணம் என்று கேட்டிருந்தார். தொழு உரம் கலந்த செம்மண்ணில் மாற்றி வையுங்கள், தினமும் தண்ணீர் விடுங்கள் என்று பதில் வந்திருந்தது. அந்தப் பதிலைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். அதன்படி செய்தால் அவர் அடுத்து வாங்கும் செடியும் பிழைக்காது.

நான் பரமக்குடிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். இப்போது அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் கேரி என்ற ஊரில் இருக்கிறேன். தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இந்தச் செடியின் சொந்த மண் எங்கள் மாநிலக் கடலோரம்தான். வில்மிங்டன் நகரைச் சுற்றிச் சுமார் 120 கிலோமீட்டருக்குள், வட கரோலினாவிலும் தென் கரோலினாவிலுமாக விழும் சிறு பகுதி. உலகில் வேறெங்கும் அது பூர்விகமாக வளர்வதில்லை. 1759-இல் அன்றைய ஆளுநர் ஆர்தர் டாப்ஸ் அதைக் கண்டு வியந்து லண்டனில் இருந்த நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

பிரன்ஸ்விக் மாவட்டத்தில் உள்ள கிரீன் ஸ்வாம்ப் காப்பு நிலத்தைப் போய்ப் பார்த்தால், செடி என்ன கேட்கிறது என்பது விளங்கிவிடும். சதுப்பு என்றதும் முழங்கால் அளவு சேறும் இருட்டும்தான் நினைவுக்கு வரும். இது அப்படியில்லை. நெட்டூசிப் பைன் மரங்கள் எட்ட எட்ட நிற்கின்றன. நடுவே புல்வெளி, நல்ல வெயில். காலடியில் மணலும் கருத்த மக்கும். கை வைத்தால் ஈரம் தெரியும், ஆனால் தண்ணீர் தேங்கி நிற்காது. அந்த மண்ணில் நைட்ரஜன் மிகமிகக் குறைவு. அதனால்தான் அங்குள்ள சில செடிகள் இலையையே பொறியாக்கி, பூச்சியிடமிருந்து அந்தச் சத்தை எடுத்துக்கொள்கின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அங்கே பாதுகாப்பாகத் தீயிட்டுப் புதரை எரிக்கிறார்கள். இல்லாவிட்டால் புதர் மூடி, வெயில் கிடைக்காமல் இவை அழிந்துபோகும். இப்படிப்பட்ட மண்ணுக்குப் பழகிய வேரில் தொழு உரத்தைப் போட்டால் வேர் வெந்துவிடும்.

இதே நிலையை வீட்டில் உண்டாக்குவது கடினமல்ல. என் வீட்டுப் பின்புறத்தில், நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் விழும் இடத்தில், இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி வெட்டி, குளத்துக்கு விரிக்கும் தடித்த ரப்பர் விரிப்பைப் போட்டேன். அடியில் ஓட்டை கூடாது. மண்மட்டத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் கீழே, பக்கவாட்டில் மட்டும் சில துளைகள். பெருமழை பெய்தால் மிகுதி அதன் வழியே வடிந்துவிடும், கீழே உள்ளது நிற்கும். மேலே திறந்த தண்ணீர் இல்லாததால் அங்கே கொசு முட்டையிடவும் வழியில்லை. ஓரமாக ஒரு பிவிசி குழாயை, கீழ்ப்பகுதியில் துளையிட்டு, நட்டு வைத்திருக்கிறேன். குச்சியை விட்டு நீர்மட்டம் பார்க்கவும், கோடையில் அதன் வழியே தண்ணீர் நிரப்பவும் அது போதும்.

நிரப்புவதற்கு உரம் எதுவும் சேர்க்காத பீட் பாசி (சதுப்பில் மக்கிய பாசி) ஒரு பங்கு, கழுவிய சிலிக்கா மணல் ஒரு பங்கு. கடல் மணல் வேண்டவே வேண்டாம். எந்த மணலானாலும் ஒரு பிடி எடுத்து வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, தள்ளிவிடுங்கள். காய்ந்த பீட் தண்ணீரை ஏற்காது, மேலே ஊற்றினால் வழிந்தோடும். வெதுவெதுப்பான மழைநீர் விட்டுப் பிசைந்து, முழுக்க நனைந்த பிறகுதான் குழியில் போட வேண்டும். அப்புறம் சில வாரம் அப்படியே விட்டால் மண் அமுங்கும். அதற்குப் பிறகு நடலாம். தமிழ்நாட்டில் பீட் கிடைப்பது அரிது என்று தேங்காய் நார்க்கழிவை வாங்குபவர்கள் அதை மழைநீரில் பலமுறை ஊறவைத்துப் பிழிய வேண்டும். பெரும்பாலும் அதில் உப்பு இருக்கும்.

தண்ணீரைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். முப்பது ரூபாய்ச் செடியானாலும் மூவாயிரம் ரூபாய்ச் செடியானாலும் பெரும்பாலும் சாவது தண்ணீரால்தான். கரைந்த உப்பின் அளவு, அதாவது டிடிஎஸ், 50 பிபிஎம்முக்குள் (லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குள்) இருக்க வேண்டும். 100-ஐத் தாண்டினால் நாள்பட இலை நுனியிலிருந்து கருகத் தொடங்கும். காரணம் எளிது. தண்ணீர் ஆவியாகும்போது உப்பு போவதில்லை. அடியில் வடிகாலும் இல்லை. ஆகவே இன்று ஊற்றும் வாளியின் உப்பு நேற்றைய வாளியின் உப்போடு சேர்ந்துகொண்டே போகும். எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் குடிக்க அருமையானது. ஆனால் என் செடிகளுக்கு ஒரு சொட்டும் விடமாட்டேன். பரமக்குடிப் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மழைநீர்தான் சிறந்தது. 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய தமிழ்நாட்டில், மாடித் தண்ணீரில் ஒரு பீப்பாயை இதற்கென ஒதுக்க முடியாதா? அதுவும் இல்லையென்றால் ஆர்ஓ தண்ணீர் விடலாம். ஆனால் மினரல் சேர்க்கும் கருவியாக இருந்தால் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்தபின் ஊற்றுங்கள். குளிர்சாதனத்திலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு இருக்காது. அதைப் பிடித்து வைத்துப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு.

என் குழியில் தாழ்ந்த ஈரப்பக்கத்தில், குழல் போன்ற இலைக்குள் பூச்சியை விழவைக்கும் சராசீனியா பர்பூரியா, நடுவில் உயரமான மஞ்சள் குழல் வகையான சராசீனியா ஃப்ளாவா, சற்று மேடான ஓரத்தில் ஃப்ளைட்ராப், இடையிடையே ஒட்டும் துளிகளால் பூச்சி பிடிக்கும், நூல் போன்ற இலையுள்ள ட்ரோசிரா. ஏப்ரலில் சராசீனியா பூக்கும்போது தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். பூச்சியை நாமாகப் பிடித்துப் போட வேண்டியதில்லை, வெளியில் இருக்கும் செடி தானே பார்த்துக்கொள்ளும். இறைச்சித் துண்டு போடுவது கொடுமை, பொறி அழுகிவிடும். குழந்தைகள் விரலால் சீண்டி மூட வைப்பதையும் தயவுசெய்து தடுங்கள். ஒரு பொறி சில முறைதான் மூடித் திறக்கும், பிறகு அந்த இலை ஓய்ந்துவிடும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை செடி உறங்கும். இலைகள் கருத்துச் சுருங்கும். செத்துப்போயிற்று என்று பலர் தூக்கிப் போடுவது இந்தச் சமயத்தில்தான். நான் கடுங்குளிருக்கு முன் பைன் ஊசிகளைப் பரப்பி மூடிவிடுவேன். பிப்ரவரி கடைசியில் அதை விலக்கிப் பழைய குழல்களை வெட்டி, முளைத்திருக்கும் புல்லைப் பிடுங்குவதோடு ஆண்டின் பெரிய வேலை முடிந்தது.

இந்தக் குளிர் உறக்கம் இல்லாமல் ஃப்ளைட்ராப் நெடுநாள் வாழாது. எனவே சென்னையிலும் மதுரையிலும் இதை விற்பவர்கள் வாங்குபவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். உதகையிலும் கொடைக்கானலிலும் வைக்கலாம். ஆனால் விரிப்புப் போட்ட குழிக்குள்ளேயே இருக்கட்டும், அங்குள்ள இயற்கை ஈரநிலங்களில் கொண்டுபோய் நடக்கூடாது. சமவெளிக்காரர்கள் எதற்கு இறக்குமதியைத் தேட வேண்டும்? ட்ரோசிரா பர்மானி, ட்ரோசிரா இண்டிகா இரண்டும் தமிழ்நாட்டின் ஈரமணலில் தாமாக வளர்பவை. மேலே சொன்ன அதே முறையில், ஓர் அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் விதையிலிருந்தே வளர்க்கலாம்.

விதை என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2013-இல் வில்மிங்டனில் ஊனுண்ணிச் செடிகளுக்கென்றே இருக்கும் ஸ்டான்லி ரீடர் பூங்காவிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் ஃப்ளைட்ராப்களைத் தோண்டித் திருடிவிட்டார்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் முதல், காட்டில் வளரும் ஃப்ளைட்ராப்பைத் திருடுவது எங்கள் மாநிலத்தில் கடுங்குற்றமாக்கப்பட்டது. சாப்பல் ஹில்லில் உள்ள தாவரவியல் பூங்காவோ, காட்டிலிருந்து எடுக்காமல் தாங்களே பெருக்கிய செடிகளையே விற்கிறது. திசு வளர்ப்பில் எண்ணற்ற கன்றுகள் கிடைக்கும்போது காட்டைத் தோண்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை. ஊரில் மழைக்காலத்தில் வயலோரம் ஒரு ட்ரோசிராவைப் பார்த்தாலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வேரோடு பிடுங்காதீர்கள்.

கேள்வி கேட்ட வாசகருக்கு அடுத்த வாரமே இதில் மண், தண்ணீர் இரண்டைப் பற்றிய பகுதியையாவது வெளியிட்டால் நன்றியுடையவளாவேன். அவர் செடியின் கிழங்கு இன்னும் வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. இலை கருகியிருந்தாலும் எறிந்துவிடாமல், வேரைக் கழுவி, உப்பில்லாத மண்ணில் வைத்து மழைநீர் விடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கேரி, வட கரோலினா